வாங்கி வைத்து விற்பது: யாவாரம் எங்கே முடிகிறது, பதுக்கல் எங்கே தொடங்குகிறது

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான். கையில் கொஞ்சக் காசு இருக்கிறது, ஒரு பட்டா வாகனம் (சின்ன லொறி) நிற்கிறது, பரந்தனுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையில் ஆட்கள் பழக்கம். தட்டுப்பாடு வரப்போகிற சாமானை முந்திக்கொண்டு வாங்கி வைத்து, விலை ஏறின பிறகு விற்றால் பிழையா? நெல் யாவாரி ஒவ்வொரு மாசியிலும் அதைத்தானே செய்கிறார், அவரை ஒருவரும் கள்ளன் என்று சொல்லவில்லையே என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

சொல்லுகிறார்கள். வெட்டு நேரத்தில் வயல் வரம்பில் நின்று கேட்டுப் பாருங்கள். ஆனாலும் நீங்கள் நெல்லை இழுத்தது நல்லது. இந்த விஷயம் முழுவதையும் நெல்லையும் யூரியாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

லாபம் எவ்வளவு என்பதை வைத்து இதைத் தீர்க்க முடியாது. நூற்றுக்கு ஐந்து வைத்தவர் ஊரைக் கெடுத்ததும் உண்டு, நூற்றுக்கு முப்பது வைத்தவர் ஊருக்கு உதவினதும் உண்டு. முதலில் பார்க்க வேண்டியது ஒன்று: நீங்கள் சாமானைத் தூக்குகிற அன்றைக்கு, அதே இடத்தில், அதே விலைக்கு வாங்க வேறு ஆட்கள் நிற்கிறார்களா? நின்றால், அவர்களுக்குப் போக வேண்டியதை மறித்து அவர்களுக்கே திருப்பி விற்கப் போகிறீர்கள். ஒருவரும் இல்லை, சாமான் கிடந்து சீரழிகிறது என்றால் நீங்கள் செய்வது களஞ்சிய வேலை. அதற்குக் கூலி எடுக்கலாம்.

நெல்லைப் பாருங்கள். வன்னியில் காலபோக (மாரிமழை நெல்) வெட்டு தை கடைசியில் தொடங்கிப் பங்குனி வரை போகும். வெட்டுமிசின் இறங்கினால் ஒரு வட்டாரத்து நெல் முழுவதும் இரண்டு மூன்று கிழமைக்குள் வெளியே வந்துவிடும். மிசின் வெட்டின நெல்லில் ஈரம் 20 வீதம், சிலவேளை அதற்கு மேலும் நிற்கும். அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபை வழக்கமாக எடுப்பது 14 வீதத்துக்குக் காய்ந்த நெல்லை. காயப்போடத் தளம் இல்லாதவர் பரந்தன் - முல்லைத்தீவு வீதி ஓரத்தில் படங்கு விரித்துப் பரப்புகிறார். பக்கத்தால் லொறி போகிறது, இரவில் பனி விழுகிறது, வானம் இருட்டினால் அள்ளிக் கட்ட ஆள் தேட வேண்டும். மிசின் கூலியும் உரக்கடைக் கடனும் அடகு நகையும் அதே கிழமை காசு கேட்கும். அந்த நேரத்தில் வயலடிக்கே வந்து ஈர நெல்லைக் காசு கொடுத்து ஏற்றுகிறவர் ஒருவருடைய பங்கையும் பறிக்கவில்லை. அன்றைக்கு நெல் மிஞ்சிக் கிடக்கிறது, இடமும் காசும்தான் தட்டுப்பாடு.

அவர் அடிப்பது பெரிய கொள்ளை என்று நினைப்பவர்கள் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். விலைகள் உதாரணத்துக்கு மட்டும். ஈர நெல் 1000 கிலோ, கிலோ 100 ரூபா, ஆக ஒரு லட்சம். 20 வீத ஈரத்தை 14 வீதத்துக்கு இறக்கினால் 1000 கிலோ 930 கிலோவாகிவிடும். விற்க முதலே கிலோ 107 ரூபா 50 சதம். ஆறு மாதம் வைத்திருக்க, மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டிப்படி 12 வீதம் ஏறினால் 120 ரூபா. காயவைக்கிற கூலி, சாக்கு, ஏற்றியிறக்கு, களஞ்சிய வாடகை எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு ஆறு ரூபா என்று பிடித்தால் 126. எலி, அந்து, சிந்தல் என்று 2 வீதம் கழிந்தால் 129. ஆவணியில் 140க்கு விற்றாலும் கையில் நிற்பது 11 ரூபா. வெளியில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது 40 ரூபாவாகத் தெரியும்.

அந்த 11 ரூபாவும் உறுதியில்லை. அடுத்து வருகிற சிறுபோக நெல் நல்லாக வந்தால் அது போய்விடும். 2024 டிசம்பரில் நடந்ததுபோல அரிசி இறக்குமதியைத் திறந்துவிட்டாலும் போய்விடும். விலை ஏறுவதற்கு ஒரு கூரையும் இருக்கிறது. அதே டிசம்பரில் நாட்டரிசிக்குச் சில்லறை உச்ச விலை 230 ரூபா என்று வர்த்தமானி வந்தது. 100 கிலோ நெல்லில் ஏறத்தாழ 65 கிலோ அரிசி எடுக்கலாம் என்று வைத்தால், 230 ரூபா அரிசிக்குள் ஒரு கிலோ நெல்லுக்கு வருவது 150 ரூபா கூட இல்லை. அதிலும் ஆலைக் கூலி, லொறி, கடைக்காரர் பங்கு போக வேண்டும். 'பிடித்து வைத்தால் 200க்குப் போகும்' என்று யாராவது ஆசை காட்டினால் இந்தக் கணக்கை அவருக்கு முன்னால் போட்டுக் காட்டுங்கள்.

நெல் வைக்கத் தெரியாமல் வைத்தால் நட்டம் உங்களுக்கு மட்டும் வராது, பிறகு அதைச் சாப்பிடுகிறவருக்கும் வரும். மணியை முன்பல்லில் வைத்துக் கடித்தால் 'டக்' என்று உடைய வேண்டும், நசிந்தால் ஈரம் போகவில்லை. ஈரத்தோடு அடுக்கினால் உள்ளே சூடேறி அரிசி மஞ்சளாகும், பூஞ்சணம் பிடிக்கும். சாக்கைச் சீமெந்து நிலத்தில் நேரே வைக்கக் கூடாது. மரச்சட்டம் போட்டு அரை அடியாவது உயர்த்தி, சுவரிலிருந்து ஓர் ஆள் போய்வர இடம் விட்டு அடுக்க வேண்டும். மாதம் ஒருமுறை நடுச் சாக்கு ஒன்றை இழுத்துக் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அன்றைக்கே அவிழ்த்துக் காயப்போட வேண்டும்.

இதே நெல் யாவாரம் எந்த இடத்தில் கெடுகிறது என்றால், வாங்குகிற விலையில். விதைப்பு நேரத்தில் உரமும் களைநாசினியும் கடனாகக் கொடுத்து, 'வெட்டினவுடன் நெல்லை எனக்குத்தான் தர வேண்டும், விலை நான் சொல்லுவதுதான்' என்று முதலே கட்டிப்போடுகிற வழக்கம் இருக்கிறது. வெட்டு வந்ததும் மூட்டைக்கு இரண்டு, மூன்று கிலோ 'கழிவு' வேறு. ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிப்பது நியாயம். ஆனால் ஈரத்துக்காக விலையையும் குறைத்து, அதே ஈரத்துக்காக நிறையையும் கழிப்பது ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டம். 2025 பெப்ரவரியில் நாடு 120, சம்பா 125, கீரிச்சம்பா 132 ரூபா என்று அரசு கொள்வனவு விலை அறிவித்தது. ஆனால் அறிவித்த விலையும் வயலடி விலையும் ஒன்றாக இருப்பதில்லை. காய்ந்த நெல், வாகனம், களஞ்சியம் திறக்கும் வரை காத்திருக்கிற பொறுதி, இந்த மூன்றும் உள்ளவருக்குத்தான் அறிவித்த விலை கிடைக்கும். கடனில் கட்டுண்ட கமக்காரருக்கு அந்தக் கதவு இல்லை, அதை மூடி வைத்ததும் கடன் கொடுத்தவர்தான். பதுக்கலைவிட இது மோசம் என்பது என் எண்ணம்.

இனி யூரியா. 2021 ஏப்ரல் கடைசியில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தும் முடிவு வந்தது, மே 6ஆம் திகதி வர்த்தமானி வந்தது, நவம்பர் கடைசியில் தடை தளர்ந்தது. தளர்ந்தும் டொலர் இல்லாததால் உரம் வரவில்லை. 2022இல் 50 கிலோப் பை வெளியில் 30, 40 ஆயிரம் ரூபாவுக்குப் போனது. இந்தியக் கடனில் வந்திறங்கின யூரியாவை அதே ஆண்டு கமநல சேவை நிலையங்கள் 10,000 ரூபாவுக்குக் கொடுத்தன. உடனே சில இடங்களில் ஒரு யாவாரம் முளைத்தது. காணிக்குப் பதிந்து, பங்கீட்டில் கிடைத்த பையைக் காசு முடையில் 15,000க்குக் கைமாற்றுகிறவர் ஒருவர், அதை வாங்கிச் சேர்த்து 30,000க்கு விற்கிறவர் இன்னொருவர்.

இதற்கு முன்னைய கேள்வியைப் போட்டுப் பாருங்கள். அன்றைக்கு அதே விலைக்கு வாங்க ஆள் நின்றதா? ஊர் முழுக்க நின்றது. வைத்துக் காத்தாரா? ஒரு கிழமை கூட இல்லை. தூர இடத்திலிருந்து கொண்டுவந்தாரா? பக்கத்து ஒழுங்கையிலிருந்து. 15,000 ரூபா வித்தியாசம் எந்த வேலைக்கான கூலி என்று கேட்டால் பதில் இல்லை. பையின் விலையைக் குறைத்தது அரசு பட்ட கடன். அந்தக் குறைவு ஒரு வயலுக்குப் போக வேண்டியது, இடையில் ஒரு சட்டைப் பையில் நின்றுவிட்டது.

யூரியாவில் இன்னொரு கொடுமை, காலம். நீர்ப்பாசன நெல்லுக்கு ஏக்கருக்கு ஏறத்தாழ 90 கிலோ யூரியா, மூன்று நான்கு தடவையாகப் பிரித்துப் போடுவது வழக்கம். மூன்றரை மாத இனத்துக்கு நான்காம் கிழமையில் மட்டம் (பக்கக் கிளை) வெடிக்கும், ஆறாம் ஏழாம் கிழமையில் பயிர் குடலை தள்ள முந்தித் தண்டுக்குள் கதிர் உருவாகத் தொடங்கும். அந்த இரண்டு வேளையும் தவறினால் பிறகு எத்தனை பை வந்தாலும் மட்ட எண்ணிக்கை திரும்பாது. பிந்திப் போட்ட யூரியா இலையைக் கரும்பச்சையாக்கும், கபிலத் தத்திப் பூச்சியையும் எரிபந்த நோயையும் கூப்பிடும். நெல் வாங்குகிற ஆலைக்காரர் விலை கூட என்றால் அடுத்த கிழமை பார்க்கலாம். ஐந்தாம் கிழமையில் பயிரை வைத்துக்கொண்டு நிற்கிற கமக்காரருக்கு அடுத்த கிழமை கிடையாது. விற்கிறவருக்கு அது தெரியும். பேரத்தில் அவர் பிடித்திருப்பது உரப்பையை விட அந்த ஐந்தாம் கிழமையைத்தான்.

தட்டுப்பாடு வந்தால் கலப்படமும் கூடவே வரும். கிலோக் கணக்கில் பொலித்தீனில் கட்டி விற்கிற யூரியாவை வாங்குகிறவர்கள் ஒரு கரண்டியை ஒரு கோப்பைத் தண்ணீரில் போட்டுக் கலக்கிப் பார்க்கலாம். நல்ல யூரியா அடியில் மண்டி இல்லாமல் முழுவதும் கரையும், கோப்பை கையில் சில்லென்று குளிரும். உப்புக் கலந்திருந்தால் கரையும், ஆனால் அந்த அளவு குளிராது.

பொருளாதாரம் படித்த பிள்ளைகள் ஒரு வாதம் கொண்டுவருவார்கள்: விலையை ஏறவிடு, ஏறினால்தான் வெளியிலிருந்து சாமான் வரும், பதுக்குகிறவரும் நாளைய தேவைக்கு எடுத்து வைக்கிறார்தானே. அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. தம்புள்ளையில் தக்காளி இருக்கிறது, முல்லைத்தீவில் இல்லை, விலை ஏறுகிறது, இரவோடிரவாக லொறி வருகிறது, மூன்றாம் நாள் விலை இறங்குகிறது. பாதை திறந்திருக்கிற இடத்தில் இது வேலை செய்யும்.

பாதை மூடினால் வேலை செய்யாது. இதை வன்னிக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. போர்க்காலத்தில், 1990இல் அரசு தொடங்கின பொருளாதாரத் தடையின் கீழ் எரிபொருள், உரம், சீமெந்து, பற்றரி எல்லாம் மட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் இருந்தன. மண்ணெண்ணெய்யில் மோட்டார்சைக்கிள் ஓடின காலம் அது. விலை பத்து மடங்கானாலும் அனுமதித்ததற்கு மேல் ஒரு கான் கூட வரப்போவதில்லை. அப்போது ஏறின விலை புதுச் சாமான் ஒன்றையும் கொண்டுவரவில்லை, இருந்த சாமானை இல்லாதவரிடமிருந்து இருப்பவருக்கு மாற்றினது மட்டும்தான். ஆனால் அந்த நாட்களிலும் சனம் எல்லா யாவாரியையும் ஒரே கண்ணால் பார்க்கவில்லை. வவுனியாவிலிருந்து சோதனைச் சாவடி தாண்டிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தவர் கூடின விலை சொன்னால் முணுமுணுத்துக்கொண்டு கொடுத்தது. கூட்டுறவுச் சங்கக்கடைக்கு வந்ததைப் பின்கதவால் எடுத்து விற்றவரை மறக்கவே இல்லை. 2009இன் முதல் மாதங்களில் மாத்தளன், முள்ளிவாய்க்கால் பக்கம் பால்மாவும் அரிசியும் அறாவிலைக்குப் போனபோது யார் என்ன விலைக்கு விற்றார், யார் பகிர்ந்தார் என்பது இன்றைக்கும் குடும்பங்களுக்குள் பேச்சில் வரும். வன்னியில் கடை போட இருப்பவர் இந்த ஞாபகத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

2022 எரிபொருள் நெருக்கடியும் மூடின பாதைதான். மறித்து வைத்தது டொலர் தட்டுப்பாடு. மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபா, டீசல் 460. வித்தியாசம் அவ்வளவு பெரிதென்றால் மண்ணெண்ணெய் விளக்குக்கும் வள்ளத்துக்கும் எப்படி மிஞ்சும்? டீசலோடு கலக்க வாகனங்களுக்குப் போனது, கரைவழியே மீன்பிடிக்கிறவர்கள் வெறும் கானோடு நின்றார்கள். ஓகஸ்ட் 21 நள்ளிரவு 340 ரூபாவாக ஏற்றினார்கள். மீனவருக்கு அது பெரிய அடி, ஆனால் மறித்து விற்கிறவரின் லாபமும் அன்றோடு சுருங்கினது. கட்டுப்பாட்டு விலைக்கும் வெளி விலைக்கும் இடையில் இருக்கிற பள்ளம்தான் பதுக்கலுக்குத் தீனி. விலையை மட்டும் கட்டுப்படுத்தி அளவைக் கட்டுப்படுத்தாவிட்டால் சாமான் மறைந்துவிடும். வாகனத்துக்கு ஒரு குறியீடு கொடுத்துக் கிழமைப் பங்கை அளந்த கியூஆர் முறை அந்தக் குறையைத்தான் அடைத்தது: மோட்டார்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20 என்று ஓகஸ்ட் முதலாம் திகதி நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தபின் வரிசைகள் படிப்படியாகக் குறைந்தன.

தன் பங்கு நாலு லீற்றரை ஓடாமல் விற்றுப் பிள்ளைக்குக் கொப்பி வாங்கின பெண்ணை இதில் சேர்க்காதீர்கள். தன்னுடையதைத்தான் அவர் விட்டுக்கொடுத்தார். இருபது வீட்டுக் கியூஆரைச் சேர்த்து அடித்து, பெற்றோலைப் பிளாஸ்ரிக் கானில் அறைக்குள் அடுக்கி வைத்தவரின் கதை வேறு. ஆவி வெளியேறுகிற கானும் விளக்கும் ஒரே வீட்டில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. அனுமதி இல்லாமல் எரிபொருள் விற்பது சட்டப்படியும் குற்றம்.

மஞ்சளும் உழுந்தும் இடைநடுவில் நிற்கிறவை. 2019 டிசம்பரில் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தின பிறகு அடுத்த ஆண்டில் கிலோ ஐயாயிரம் ரூபாவையும் தாண்டியது, மன்னார்க் கரையால் மூட்டை மூட்டையாகக் கடத்தல் வந்தது, மாவும் நிறமும் கலந்த மஞ்சள்தூள் கடைகளில் பிடிபட்டது. உழுந்து வவுனியாப் பக்கத்துச் சொந்தப் பயிர். இறக்குமதி நின்றபோது விதைத்தவருக்கு அந்த விலை போய்ச் சேர்ந்திருந்தால் நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். விலை ஏறப்போவது தெரிந்தும் அதைச் சொல்லாமல் வெட்டின கையோடு பழைய விலைக்கு அள்ளினவர்களும் இருந்தார்கள். உழுந்தைச் சேமிக்கிறவர்கள் வண்டுக்குப் பயப்பட வேண்டும். நல்ல வெயிலில் காயவைத்து ஆறவிட்டுக் காற்றுப்புகாத பரலில் போடாவிட்டால் இரண்டு மாதத்தில் ஓட்டை விழுந்த பருப்பும் தூளும்தான் மிஞ்சும்.

சின்னக் கடைக்காரருக்கு ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் கேட்க வேண்டும். 400 கிராம் பால்மா 2021 ஒக்ரோபரில் 380இலிருந்து 480 ஆனது, 2022 மார்ச்சில் 790. பழைய விலையில் பத்துப் பக்கெற் விற்றால் கையில் 3,800 ரூபா. அந்தக் காசுக்குப் புது விலையில் ஏழு பக்கெற்தான் வரும். நேர்மையாக விற்ற கடை மாதாமாதம் மெலிந்துகொண்டு போகும். அதனால்தான் விலை ஏறப்போகுது என்ற கதை வந்தவுடன் பால்மா தட்டிலிருந்து காணாமல் போகிறது. நியாயம் விளங்குகிறது, செய்கிற முறைதான் பிழை. பக்கெற்றில் அடித்த விலைக்கு மேல் விற்க முடியாது. விற்காமல் ஒளித்தால் அடிபடுவது பால்குடிப் பிள்ளை வைத்திருக்கிற வீடு. ஒரு வீட்டுக்கு ஒரு பக்கெற் என்று அளந்து கொடுப்பதும், பிள்ளை உள்ள வீட்டுக்கு முதலில் கொடுப்பதும் கடைக்காரரால் முடியும், அவருக்கு ஊரில் எல்லா வீடும் தெரியும். 'ஆயிரம் ரூபாவுக்கு வேறு சாமான் வாங்கினால்தான் பால்மா' என்கிற கட்டாயம் மட்டும் வேண்டாம்.

சட்டம் சுருக்கமாக. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ், சாமானை வைத்துக்கொண்டு விற்க மறுப்பது, இல்லை என்று பொய் சொல்வது, வழமையான யாவாரத் தேவைக்கு மிஞ்சிப் பதுக்குவது மூன்றும் தனித்தனிக் குற்றம். உச்ச விலைக்கு மேல் விற்றால் 2021 திருத்தத்தின்படி தனிஆளுக்கு ஒரு லட்சம் முதல் ஐந்து லட்சம் ரூபா வரை, கம்பனிக்கு ஐந்து லட்சம் முதல் ஐம்பது லட்சம் வரை தண்டம். முறைப்பாட்டு இலக்கம் 1977. நெருக்கடி நேரங்களில் களஞ்சியங்களைப் பதியச் சொல்லிப் புதுக் கட்டளைகளும் வரும். நெல், அரிசி, சீனி பெருமளவில் வைக்க முதல் மாவட்டச் செயலகத்தில் விசாரித்துவிடுங்கள்.

உங்கள் பட்டாவுக்கு வருகிறேன். செய்யக்கூடிய நல்ல யாவாரம் ஒன்று இருக்கிறது, தட்டுப்பாட்டை வைத்துத்தான். மாரி தொடங்கினால் துணுக்காய், நட்டாங்கண்டல், ஒட்டுசுட்டான் உட்புறக் கிராமங்களுக்குப் பாதை அறுபடும். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் பட்ட பாடு தெரியும். ஐப்பசி நடுவில், வவுனியா மொத்தக் கடைகளில் சாமான் தாராளமாக இருக்கிற நேரத்தில், அரிசி, மா, சீனி, பருப்பு, நெருப்புப்பெட்டி, மெழுகுதிரி, நுளம்புத்திரி வாங்கி அந்தக் கிராமங்களிலேயே இறக்கி வையுங்கள். அளவுக்கு: ஒரு கடைக்கு வழக்கமாக வருகிற குடும்பங்கள் எத்தனை என்று எண்ணி ஆறு கிழமைத் தேவைக்கு மேல் போகாதீர்கள். மாவும் சீனியும் அதற்கு மேல் ஈரக்காற்றில் கட்டிபடும், மாவில் வண்டும் விழும். வாங்கின விலை, வாகனச் செலவு, வட்டி, 3 வீதம் கழிவு, அதற்கு மேல் உங்கள் லாபம் என்று கொப்பியில் எழுதி, அந்த விலையை வெள்ளத்துக்கு முந்தியே பலகையில் எழுதிப் போடுங்கள். கட்டுப்பாட்டு விலை, அடித்த விலை உள்ள சாமானுக்கு அதற்குள்தான் நிற்க வேண்டும். வாகனச் செலவு கட்டாது என்றால் அந்தச் சாமானை ஏற்றாதீர்கள். வெள்ளம் வந்து பாதை அறுந்த அன்றைக்குப் பலகையை மாற்றத் தோன்றும். பக்கத்துக் கடையும் மாற்றியிருக்கும்.

கை வைக்கக்கூடாதவை என்று நான் சொல்வது: பங்கீட்டு உரம், எரிபொருள், குழந்தைப் பால்மா, மருந்து. இன்சுலினை வாங்கி வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்து விற்கலாம் என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டிய சாமான். மின்வெட்டில் கெட்டது பார்வைக்குத் தெரியாது, ஊசி போட்ட பிறகும் சீனி இறங்காதபோதுதான் தெரியவரும்.